எல்லாரும் வழி சொல்கிறார்கள். நான் கோச்சிங்குக்குப் போகலாமா?

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். எனக்கு 43 வயது. கோண்டாவிலில் இருக்கிறேன். அம்மா பாரிசவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்த ஏழு வருசமும் நான்தான் பார்த்தேன். அதற்காக ஒரு நிதி நிறுவனத்தில் இருந்த கணக்குப் பிரிவு வேலையை விட்டேன். பின்னேரங்களில் வீட்டிலேயே வர்த்தகப் பாடம் ரியூசன் கொடுத்துச் சமாளித்தேன். போன மாதம் அம்மாவின் ஆட்டத்திவசம் முடிந்தது. ரொறன்ரோவில் இருக்கிற அண்ணா, "வீட்டை வித்துப்போட்டு இஞ்ச வா" என்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது முடிவு சொல்ல வேண்டுமாம். மாமி இப்பவும் எனக்குச் சாதகம் பார்த்துத் திரிகிறா. லண்டனில் இருக்கிற தங்கச்சி, வாழ்க்கை முடிவுகளை யோசிக்கக் கேள்வி கேட்டு உதவுகிற ஒரு கோச்சிடம் அங்கே சூமில் எட்டு அமர்வு ஒழுங்குபடுத்தித் தருகிறேன், காசு நான் கட்டுகிறேன் என்கிறாள். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். ஆனால் அம்மாவுக்கு மருந்து கொடுக்கிற விடியக்காலை ஐந்து மணிக்கு இப்பவும் முழிப்பு வருகிறது. எழும்பி என்ன செய்வது என்று தெரியவில்லை. கேள்வி கேட்கிற ஆளுக்குக் காசு கொடுப்பதா? இது விசர் பிடித்தவர்களுக்கான வைத்தியமா? நான் என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லுவாரா?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

சொல்ல மாட்டார். கனடாவுக்குப் போங்கள் என்றோ, வீட்டை விற்காதீர்கள் என்றோ, மாமி கொண்டு வருகிற சாதகத்தைப் பாருங்கள் என்றோ ஒரு நல்ல கோச் சொல்ல மாட்டார். அப்படிச் சொல்ல உங்களைச் சுற்றி ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறார்கள். மூவரும் உங்களில் அக்கறை உள்ளவர்கள். அது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் உங்கள் பதிலில் மூவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நீங்கள் ரொறன்ரோவுக்குப் போய்விட்டால் அண்ணாவுக்கு நிம்மதியாக நித்திரை வரும். உங்களுக்குக் கலியாணம் நடந்தால் தன் கடமை முடிந்தது என்று மாமிக்கு இருக்கும். ஏழு வருசம் அக்கா தனியே சுமந்ததைத் தூரத்திலிருந்து பார்த்த தங்கச்சிக்கு, உங்களுக்காக ஏதாவது செய்தால் மனப்பாரம் கொஞ்சம் குறையும். இதில் யாருடைய பிழையும் இல்லை. உறவு என்றால் அப்படித்தான். அதனால்தான் அவர்களோடு கதைக்கும்போது உங்களுக்கு யோசிக்க இடம் கிடைப்பதில்லை. அவர்களை நோகடிக்காமல் சமாளிப்பதிலேயே கதை முடிந்துவிடுகிறது.

கோச் உங்கள் பதிலில் பங்கில்லாத ஆள். நீங்கள் போனாலும் இருந்தாலும் அவருக்கு இலாபமோ நட்டமோ இல்லை. நீங்கள் உங்களுக்கே உரிய முறையில் யோசித்து முடிவெடுக்கிறீர்களா, எடுத்ததைச் செய்கிறீர்களா என்பதில் மட்டும் முழு அக்கறை வைத்திருப்பவர் அவர். உங்கள் பேச்சுக்குக் குறுக்கே விழாமல் ஒரு மணித்தியாலம் கேட்டு, நீங்கள் கவனிக்காமல் சொல்லிவிட்டுப் போன ஒரு சொல்லைப் பிடித்து, அதையே உங்களிடம் திருப்பிக் கேட்கப் பழகியவர். காசு அதற்குத்தான். அது இலேசான வேலை இல்லை. எங்கள் ஊரில் கேட்கப்படுகிற கேள்விகளில் பலவற்றைக் கேள்வி என்றே சொல்ல முடியாது. "ஏன் இன்னும் அண்ணையிட்டப் போகேல்லை?" என்பது குற்றச்சாட்டு. "இனித் தனிய இருந்து என்ன செய்யப் போறாய்?" என்பது தீர்ப்பு. பதிலை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளாமல் ஒருவரிடம் கேள்வி கேட்பதற்கு உண்மையாகவே பயிற்சி வேண்டும்.

இந்தத் தொழில் வந்த வழியும் அதைத்தான் காட்டுகிறது. 1970களில் அமெரிக்காவில் ரெனிஸ் பழக்கிய திமோதி கால்வே, ஆட்டக்காரருக்குப் "கையை இப்படிப் பிடி, காலை அப்படி வை" என்று சொல்வதைக் குறைத்துப் பார்த்தார். பந்தை அவரே கூர்ந்து கவனிக்க வைத்தபோது ஆட்டம் விரைவாகத் திருந்துவதைக் கண்டார். கார்ப் பந்தய வீரராக இருந்த ஜோன் விற்மோரும் அவரோடு சேர்ந்தவர்களும் அந்த முறையை 1980களில் பிரித்தானிய அலுவலகங்களுக்குக் கொண்டு போனார்கள். எதை அடைய விரும்புகிறீர்கள், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழிகள் உண்டு, எதை எப்போது செய்வீர்கள் என்ற நான்கு படியும் அங்கிருந்து வந்ததுதான். இன்றைக்கும் நிறையப் பேர் அந்த ஒழுங்கில்தான் அமர்வை நடத்துகிறார்கள். ஒழுங்கு நல்லது. ஆனால் உங்களைப் போல, எதை அடைய விரும்புகிறேன் என்பதே தெரியாமல் நிற்பவரிடம் முதல் படியையே முதலில் கேட்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

இனி அந்த "விசர்" என்ற சொல். கோச்சிங் வைத்தியம் அல்ல. ஆனால் மனநலக் கிளினிக்குக்குப் போகிறவர்களையும் நாங்கள் அந்தச் சொல்லால் குறிக்கக் கூடாது, தங்கச்சி. நீரிழிவுக்குக் கிளினிக்குக்குப் போகிறவரை யாரும் அப்படி ஒதுக்கிப் பேசுவதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கோச்சிடம் போக முன்னம், நீங்கள் போக வேண்டிய இடம் அந்தக் கிளினிக்கா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு எனக்கு இருக்கிறது. நான் உளவளத்துணையாளராக வேலை செய்து, பிறகு கோச்சிங் பயின்றவள். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆட்கள் மாதக்கணக்கில் அலைவதைப் பார்க்கிறேன்.

விடியக்காலை ஐந்து மணிக்கு முழிப்பு வருவது இரண்டு விதமாக இருக்கலாம். ஏழு வருசம் பழகிய உடம்பு அதே நேரத்துக்கு எழும்புவதில் புதினம் ஒன்றுமில்லை. ஆனால் நேரத்துக்கு முன்பே முழிப்பு வந்து, மீண்டும் நித்திரை வராமல், விடியும் வரை மனம் இருண்டு கிடப்பது மனச்சோர்வின் அறிகுறியாகவும் இருக்கலாம். அதோடு சேர்ந்து, முன்பு பிடித்த எதிலும் விருப்பமில்லாமை, பசி குறைவது, எல்லாம் என்னால்தான் என்ற எண்ணம், உடம்பு அசைய மறுக்கிற களைப்பு ஆகியவை அனேகமாக ஒவ்வொரு நாளும் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், முதலில் வைத்தியரைப் பாருங்கள். அம்மாவின் இழப்புக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. இழந்தவரை நினைத்து ஏங்குவது ஓராண்டு கடந்தும் ஒவ்வொரு நாளும் அதே கூர்மையோடு இருந்து, நாளாந்த வாழ்க்கையை நடத்த விடாமல் செய்தால், அதை நீடித்த துயர் நோய் என்று அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2022 இல் தன் நோய் விபரக் கையேட்டில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் அந்த எல்லை ஆறு மாதம்.

நீங்கள் சமைக்கிறீர்கள், சாப்பிடுகிறீர்கள், படிப்பிக்கிறீர்கள். அதனால் நீங்கள் அந்தப் பக்கம் இல்லை என்றே எனக்குப் படுகிறது. கடிதத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சந்தேகம் இருந்தால் யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன; காசு இல்லை. இரவில் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி. அழுகை முட்டிக்கொண்டு வருகிறது, அம்மாவின் கடைசி நாட்களில் செய்யாமல் விட்டது மனதை அறுக்கிறது என்றால், அதற்கு உளவளத்துணை. நடந்ததைத் தாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமானால் உளவளத்துணை, இனி நடக்கப் போவதை உருவாக்க ஆள் வேண்டுமானால் கோச்சிங் என்று கரடுமுரடாக வைத்துக்கொள்ளலாம். எல்லை எப்போதும் இவ்வளவு நேராக இருப்பதில்லை.

உங்களுக்கு நடந்திருப்பது என்ன என்று நான் நினைக்கிறேன் என்பதைச் சொல்கிறேன்.

அமெரிக்கரான வில்லியம் பிரிட்ஜஸ் 1980 இல் இந்த விடயத்தைத் தெளிவாக எழுதினார். மாற்றம் வெளியே நடப்பது. ஒரு நாளில் நடந்து முடியலாம். அந்த மாற்றத்துக்குள் ஆள் மாறி வருவது வேறு. அதற்கு மூன்று கட்டம் உண்டு. முதலில் ஏதோ ஒன்று முடிகிறது. பிறகு பழையதும் இல்லாமல் புதியதும் வராமல் ஓர் இடைக்காலம். அதற்குப் பிறகுதான் தொடக்கம். எங்கள் ஆட்கள் முதலாவதையும் இரண்டாவதையும் தாண்டிக் குதித்து நேரே தொடக்கத்துக்குப் போகச் சொல்லுவார்கள்.

அம்மா போனதற்கு எங்களிடம் சடங்கு உண்டு. எட்டுச் செலவு, 31 ஆம் நாள் அந்தியேட்டி, கீரிமலைக் கடல், ஆட்டத்திவசம். அதற்குப் பிறகும் வருசா வருசம் சித்திராப் பூரணைக்கு அம்மாவை நினைத்து விரதம். ஆள் இல்லை என்பதை மனதுக்குப் படிப்படியாகச் சொல்லிக் கொடுக்கிற ஏற்பாடு அது. நான் மதிக்கிற ஏற்பாடு. ஆனால் உங்களுடைய இன்னொரு இழப்புக்கு யாரும் சடங்கு செய்யவில்லை. ஏழு வருசம் நீங்கள் ஒரு பெரிய வேலை பார்த்தீர்கள். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைத்தது, கிளினிக் திகதிகளை மனப்பாடமாக வைத்திருந்தது, வெளிநாட்டில் இருந்து வந்த காசுக்குக் கணக்கு வைத்தது, வருகிறவர்களுக்கெல்லாம் அம்மாவின் நிலைமையைச் சலிக்காமல் சொன்னது எல்லாம் அந்த வேலைதான். அந்த வேலை ஒரு நாளில் நின்றுவிட்டது. பிரியாவிடை இல்லை, சேவைச் சான்றிதழ் இல்லை, ஓய்வூதியம் இல்லை. "பாவம், இனியாவது ஆறுதலாய் இரு" என்றார்கள். ஆறுதலாய் இருப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

ஆகவே, காலையில் எழும்பி என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பது உங்கள் குறை இல்லை. நீங்கள் அந்த இடைக்காலத்தில் நிற்கிறீர்கள். அங்கே நிற்பது சங்கடமானது. அந்தச் சங்கடம் தாங்காமல் மற்றவர்களின் திட்டத்தை எடுத்துத் தன் வெறுமையை நிரப்பிக்கொள்வதுதான் இந்தக் கட்டத்தில் நடக்கக்கூடிய பெரிய பிழை. வெறுமை தாங்காமல் வீட்டை விற்றவர்களும் அவசரமாகக் கழுத்தை நீட்டியவர்களும் பிறகு வந்து சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

கோச்சிங் இந்த இடத்தில் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். ஆளை அடையாளம் காண முடியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன். வடமராட்சிப் பக்கம் ஓர் அதிபர் 60 வயதில் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகும் காலையில் குளித்து, நீளக் காற்சட்டை போட்டு, விறாந்தையில் வந்து உட்காருவார். பணிக்கொடைக் காசில் வளவுக்குள் ஒரு ரியூசன் கொட்டில் போடப் போகிறேன் என்றார். மனைவிக்கு அது பிடிக்கவில்லை. அவதான் அனுப்பி வைத்தா. கொட்டில் நல்லதா கூடாதா என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. "பாடசாலையில் உங்களுக்கு ஒரு நல்ல நாள் எப்படிப் போகும்? காலமையில் இருந்து சொல்லுங்கோ" என்று மட்டும் கேட்டேன். நீண்ட நேரம் சொன்னார். படலையடியில் நின்று பிந்தி வருகிற பிள்ளைகளைப் பிடிப்பது, பெற்றோர் வந்து முறையிடுவது, இரண்டு ஆசிரியர்களுக்கு இடையிலான பிணக்கைத் தீர்த்து வைப்பது, பரிசளிப்பு விழாவுக்கு ஆட்களைக் கூட்டுவது. முடிந்ததும், "சேர், இவ்வளவுக்குள்ளயும் நீங்கள் வகுப்பில் பாடம் படிப்பிச்ச கதை ஒருக்காலும் வரேல்லை" என்றேன். கன நேரம் பேசாமல் இருந்தார்.

அவருக்கு இல்லாமல் போனது கரும்பலகை இல்லை. ஆட்கள் தங்கள் பிரச்சினையைக் கொண்டு வந்து வைக்கிற இடம்தான் இல்லாமல் போயிருந்தது. அது தெரிந்த பிறகு கொட்டில் கதை தானாகவே நின்றது. பிறகு வந்த அமர்வுகளில் அந்த இடம் வேறு எங்கே கிடைக்கும் என்று அவரே தேடினார். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஊர்களில் பிணக்குகளைத் தீர்த்து வைக்க இயங்குகிற மத்தியஸ்த சபை அவருக்கு நினைவு வந்தது. விண்ணப்பித்து, பயிற்சி முடித்து, மத்தியஸ்தராக இருக்கிறார். சனசமூக நிலையத்தையும் பார்த்துக்கொள்கிறார். இதில் நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றும் இல்லை. அவர் சொன்னதற்குள் எது இல்லை என்பதைக் காட்டியது மட்டும்தான் என் வேலை.

உங்கள் கடிதத்திலும் ஒன்று இல்லை, தங்கச்சி. அண்ணாவின் விருப்பம் இருக்கிறது, மாமியின் விருப்பம் இருக்கிறது, தங்கச்சியின் விருப்பம் இருக்கிறது. "எனக்கு இது விருப்பம்" என்று ஒரு வரியும் இல்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இன்னோர் உடம்பின் நேரப்படி ஏழு வருசம் வாழ்ந்தவரிடம் விருப்பம் என்னவென்று கேட்டவுடன் அது வராது. "உங்கள் இலக்கு என்ன?" என்று முதல் நாளே ஒரு கோச் கேட்டால், அவருக்குப் பதிலாகச் சொல்லப் பொருத்தமான ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவீர்கள்.

நான் உங்கள் முன்னால் இருந்தால் வேறு பக்கத்தால் வருவேன். அண்ணா இந்தக் கேள்வியைக் கேட்காமலே விட்டிருந்தால், கனடா என்ற யோசனை உங்களுக்குத் தானாக வந்திருக்குமா? அந்த ஏழு வருசத்தில் செய்த வேலைகளில் எதை இனி ஒருபோதும் செய்ய மாட்டேன் என்று நினைக்கிறீர்கள், எதைச் செய்யும்போது கைக்கு ஒரு நிறைவு இருந்தது? ரியூசன் முடிந்து பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகு வீட்டில் வருகிற அமைதி பிடிக்கிறதா, பயமாக இருக்கிறதா? இவற்றுக்குச் சரியான விடை என்று ஒன்று இல்லை. ஆனால் கடைசிக் கேள்விக்கு நீங்கள் சொல்லப்போகிற பதில், வீடு விற்பது பற்றிய எந்த விவாதத்தையும் விடக் கூடுதலாக உங்களுக்கே உங்களைக் காட்டும்.

அமர்வு பாதி வேலைதான். மீதிப் பாதி அடுத்த அமர்வுக்கு முன்னம் வருகிற நாட்களில் நடக்கிறது. பேசி முடிக்கும்போது, நீங்களே தெரிவு செய்த ஒரு சின்னக் காரியத்தோடு எழும்ப வேண்டும். அதை எப்படி வைத்துக்கொள்வது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. பீற்றர் கோல்விற்சர் என்ற உளவியலாளரும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 1990களில் இருந்து பல தடவை காட்டியது இது: "இனி ஒழுங்காக நடக்கப் போவேன்" என்று தீர்மானிப்பதை விட, "இன்னது நடந்தால் உடனே இன்னதைச் செய்வேன்" என்று இடமும் நேரமும் சேர்த்துத் தீர்மானிப்பவர்கள் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள். உங்களுக்கு ஐந்து மணி முழிப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதை எதிரியாக்க வேண்டாம். "ஐந்து மணிக்கு முழிப்பு வந்தால், தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு முற்றத்தில் இருந்து கொப்பியில் ஒரு பக்கம் எழுதுவேன்" என்று ஒன்று வைத்துக்கொள்ளலாம். "வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய்த் திரும்பும்போது திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண நிலையத்தில் இறங்கி, எனக்குப் பொருத்தமான கற்கைநெறி என்ன என்று விசாரிப்பேன்" என்று இன்னொன்று. நீங்கள் கணக்குப் பிரிவில் இருந்தவர் என்பதால் கணக்கியல் தகைமைக்கான ஏ.ஏ.ரி. பரீட்சை பற்றியும் கேட்டுப் பார்க்கலாம். இவை உதாரணம் மட்டும். உங்கள் காரியத்தை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். விசாரித்துவிட்டு வேண்டாம் என்று விடுவதும் முன்னேற்றம்தான்.

இந்த இடைக்காலத்துக்கு என்னிடம் ஓர் உறுதியான அபிப்பிராயம் இருக்கிறது. திரும்பி வரக்கூடிய காரியங்களை எத்தனை வேண்டுமானாலும் செய்து பாருங்கள். திரும்பி வர முடியாத காரியத்தை ஒரு திருவிழாவின் திகதிக்குள் செய்யாதீர்கள். வீடு விற்பது திரும்பி வர முடியாத காரியம். அண்ணாவிடம், "திருவிழாவுக்கு வாங்கோ, ஆறுதலாய்க் கதைப்பம், வீட்டைப் பற்றி இந்த வருசம் முடிவெடுக்கிறதாய் இல்லை" என்று இப்போதே சொல்லிவிடுங்கள். வந்து இறங்கின பிறகு சொன்னால் அது சண்டையாகும்.

அதோடு, உங்களிடம் இருக்கிற கேள்விகளில் சில கோச்சிங் கேள்விகளே இல்லை. அவை தகவல் கேள்விகள். கனடாவில் இருக்கிற ஒரு சகோதரர், வயது வந்த சகோதரியைக் குடும்ப அனுசரணையில் நிரந்தரமாக எடுப்பது வழமையாக முடியாது. இருக்கிற விதிவிலக்குகள் மிகவும் ஒடுங்கியவை. விசிற் விசாவில் போனால் அங்கே வேலை செய்ய அதுவே அனுமதி தராது. ஆகவே "இஞ்ச வா" என்பது எந்த வழியால் என்று அண்ணாவிடம் கேளுங்கள். கனடாவில் அனுமதி பெற்ற குடிவரவு ஆலோசகரிடமோ சட்டத்தரணியிடமோ அதை எழுத்தில் கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். வீடு யாருடைய பெயரில், அம்மாவின் உறுதியில் என்ன இருக்கிறது, மூன்று பேருக்கும் உரித்தா என்பதைத் தேசவழமைச் சட்டம் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். எந்தக் கோச்சும் இவற்றுக்குப் பதில் சொல்லக் கூடாது. தகவல் இல்லாமல் மனதை மட்டும் கிண்டிக்கொண்டிருந்தால், இல்லாத ஒரு வழிக்காக நித்திரை முழிப்பீர்கள்.

இனித் தங்கச்சி சொன்ன லண்டன் கோச். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணத்தில் ஆள் தெரியாத ஒரு காதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும். ஒழுங்கைக்குள் ஒருவருக்குச் சொன்னது மற்ற ஒழுங்கையால் திரும்பி வரும். தூரத்தில் இருப்பவர் என்பதில் ஒரு பாதுகாப்பு உண்டு. ஆனால் அவர் தமிழில் செய்வாரா என்று கேளுங்கள். மனதின் அடியில் கிடப்பதை ஆங்கிலத்தில் தேடும்போது "ஐ ஆம் ஓகே" என்று இலேசாக முடித்துவிடலாம். "அந்தரமாய் இருக்கு" என்று நீங்கள் சொன்னால் எதிரே இருப்பவருக்கு விளக்கம் சொல்லாமலே விளங்க வேண்டும். அங்கே பிறந்து வளர்ந்தவராக இருந்தால், மூத்த அண்ணாவுக்கு "இல்லை" என்று சொல்வது எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய காரியம் என்பதையும் அவர் உணர்ந்திருக்க வேண்டும். "தெளிவாக எல்லை போடுங்கள்" என்று மட்டும் சொல்கிற கோச் உங்களுக்கு உதவ மாட்டார்.

காசு தங்கச்சி கட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இதைத் தயவுசெய்து அலட்சியம் செய்ய வேண்டாம். ஒருவர் காசு கட்டி இன்னொருவர் அமர்வுக்கு வருகிறபோது, என்ன பேசப்பட்டது என்பது காசு கட்டுகிறவருக்குப் போகாது என்று முதலிலேயே மூன்று பேருக்கும் தெரிய எழுதி வைக்க வேண்டும். ஒழுங்கான கோச் தானாகவே இதைச் சொல்லுவார். தங்கச்சி அன்பில்தான், "அக்கா என்ன சொன்னவ?" என்று அவரிடம் கேட்பாள். அந்த ஒரு கேள்விக்கு அவர் பதில் சொன்னால் எட்டு அமர்வும் வீண். முடிந்தால் முதல் ஒன்றிரண்டுக்காவது உங்கள் ரியூசன் காசிலிருந்து கொஞ்சம் கட்டுங்கள். அப்போது அது உங்கள் காரியமாக இருக்கும்.

யார் வேண்டுமானாலும் தன்னைக் கோச் என்று சொல்லிக்கொள்ளலாம். பெரும்பாலான நாடுகளில் அதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஆகவே பயிற்சியைக் கேட்பதில் வெட்கப்பட வேண்டாம். 1995 இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் சம்மேளனம் மூன்று நிலைகளில் சான்றிதழ் கொடுக்கிறது. முதல் நிலைக்கு 60 மணித்தியாலப் பயிற்சியும் 100 மணித்தியாலம் ஆட்களோடு செய்த அனுபவமும் வேண்டும். அடுத்ததற்கு 125 உம் 500 உம். உச்ச நிலைக்கு 200 உம் 2,500 உம். சான்றிதழ் மட்டும் ஆளை நல்லவராக்காது; ஆனால் பொறுப்புச் சொல்ல ஓர் இடம் இருக்கும், முறையிடவும் ஓர் இடம் இருக்கும். "உங்கள் வாழ்க்கையை 21 நாளில் மாற்றுகிறேன்" என்கிறவர், மருந்தை நிற்பாட்டச் சொல்கிறவர், முதல் அமர்விலேயே அடுத்த தொகுதிக்குக் காசு கேட்கிறவர் ஆகியோரிடம் போக வேண்டாம். எட்டு அமர்வுக்கும் ஒரேயடியாகக் கட்டாமல், முதலில் ஓர் அறிமுகப் பேச்சுக் கேளுங்கள். பலர் அதைக் காசில்லாமல் தருகிறார்கள்.

அந்த அறிமுகப் பேச்சில் இன்னொன்றும் கேளுங்கள்: பேச்சுக்கு இடையில் பழைய காயம் ஏதாவது திறந்தால் என்ன செய்வீர்கள்? 1995 இடப்பெயர்வின்போது உங்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருந்திருக்கும். அந்த வயதில் வலிகாமத்தை விட்டு நடந்த பிள்ளைகளுக்கு, வீட்டை விட்டுப் போவது என்ற கேள்வி வெறும் காணிக் கணக்காக வராது. "போவதா, இருப்பதா" என்று ஒருவர் கேட்கும்போது எங்கிருந்தோ ஒரு நடுக்கம் வரலாம். அந்த நேரம் தன் கேள்விப் பட்டியலை மூடி வைத்துவிட்டு, "இதற்கு வேறு ஆள் வேண்டும்" என்று உளவளத்துணையாளரிடம் அனுப்புகிறவர்தான் பயின்ற கோச். அதையும் நானே பார்க்கிறேன் என்று தோண்டுகிறவர் ஆபத்தானவர்.

சூமில் செய்வதானால், யாரும் கேட்காத ஓர் அறையையும் நேரத்தையும் முதலே பார்த்து வையுங்கள். ரியூசன் பிள்ளைகள் வருகிற நேரம் வேண்டாம். மாமி வந்து போகிற நேரமும் வேண்டாம். அமர்வு முடிந்த உடனே யாருக்கும் போன் எடுத்து அதைச் சொல்லாதீர்கள். அரை மணித்தியாலமாவது உங்களோடு இருக்கட்டும்.

மூன்றாவது அமர்வு முடியும்போது, முதல் நாள் இருந்ததை விட உங்கள் சொந்தக் குரலில் ஒரு வசனமாவது கூடுதலாக வருகிறதா என்று பாருங்கள். அண்ணா சொன்னார், மாமி சொன்னா என்று தொடங்காத ஒரு வசனம். வராவிட்டால் அதைக் கோச்சிடமே நேராகச் சொல்லுங்கள். நல்லவராக இருந்தால் முறையை மாற்றுவார், அல்லது இன்னொருவரைக் காட்டுவார். அதற்குப் பிறகும் அசையாவிட்டால் நிறுத்திவிடலாம். தங்கச்சி காசு கட்டியதற்காக மிச்ச அமர்வுகளுக்குப் போய் உட்கார வேண்டியதில்லை.